நெல் வயல் மீத்தேனை உலகப் பேரத்தில் வைக்கலாமா?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

2021-ல் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் சேர்ந்து ஒரு மீத்தேன் உறுதிமொழியைக் கொண்டுவந்தன. 2020-ல் இருந்த அளவிலிருந்து 2030-க்குள் உலகம் முழுக்க 30 சதவீதம் குறைப்பது என்று. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்தன, அப்புறமும் சேர்ந்துகொண்டே இருந்தன. இந்தியா சேரவில்லை. சொன்ன காரணம் மாடும் நெல்லும்தான், சிறு விவசாயியின் பிழைப்பில் கைவைக்க முடியாது என்று.

டெல்டாக்காரர்கள் நாம் இதற்குக் கைதட்ட வேண்டுமா, இல்லை நம்மை முன்னால் நிறுத்திவிட்டு வேறு யாரோ பின்னால் ஒளிந்துகொள்கிறார்களா? நம் வயல் எவ்வளவு விடுகிறது என்று கணக்குப் போட்டது யார்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். "பாட்டன் காலத்து விவசாயம், அதில் ஏது மாசு" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். தண்ணீர் நின்ற வயலில் சேற்றுக்குள் காற்று போகாது, அங்கே மடக்கி உழுத தாளும் தழையும் மக்கும்போது மீத்தேன் உண்டாகும், பெரும்பகுதி பயிரின் தண்டு வழியாகவே மேலே போய்விடும். மனிதர்களால் வெளியாகும் மீத்தேனில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக நெல் வயல்களிலிருந்து வருகிறது. அதை மறுத்துப் பிரயோஜனம் இல்லை. பேரத்தைப் பற்றிப் பேசுவோம்.

நடவு_கணக்கு எழுதியது:

நல்ல கூத்து அண்ணே. மன்னார்குடி பக்கம் நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்க வருகிறார்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்த சமயத்தில்தான் இயற்கை விவசாயம் சொன்ன நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பரில் அத்திவெட்டியில் இறந்தார். "மீத்தேனை எடுக்காதே" என்று பந்தல் போட்டு உட்கார்ந்த ஊருக்கு இப்போது "மீத்தேனை விடாதே" என்று ஆள் வருகிறான். எங்கள் தெருவில் மீத்தேன் என்று சொன்னாலே யாரோ நிலத்தைப் பிடுங்க வருகிறார்கள் என்றுதான் பெரியவர்கள் நினைப்பார்கள். இந்த இழையை அவர்களிடம் காட்டினால் என்னை வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள்.

ஓய்வுபெற்ற_வேளாண்மை எழுதியது:

யார் கணக்குப் போட்டது என்று தம்பி கேட்டதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது, பலருக்குத் தெரியாது.

1992 ரியோ மாநாட்டுக்கு முன்னால் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த நேரம். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்திய நெல் வயல்கள் வருடத்துக்கு 3.78 கோடி டன் மீத்தேன் விடுகின்றன என்று ஒரு மதிப்பீடு வைத்திருந்தது. வேறு மண்ணில், வேறு தட்பவெப்பத்தில் அளந்த எண்ணை எடுத்து நம் நெல் பரப்பால் பெருக்கினால் அப்படித்தான் வரும். டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா தலைமையில் 1991-ல் நாட்டின் பல பகுதிகளில் வயலில் இறங்கிப் பெட்டி கவிழ்த்து, வாயுவைப் பிடித்து அளந்தார்கள். வந்தது சுமார் 40 லட்சம் டன். ஒன்பது மடங்கு வித்தியாசம்! அந்தப் பழைய எண்ணையே நம்பிக் கையெழுத்துப் போட்டிருந்தால் இன்றைக்கு நம் கதி என்ன?

அதே வருடம் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்திலிருந்து அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பிழைப்புக்காக வெளியேற்றுவதையும் சொகுசுக்காக வெளியேற்றுவதையும் ஒரே தராசில் வைக்காதே என்பது அவர்கள் வாதம். முப்பது வருடம் கழித்து கிளாஸ்கோவில் இந்தியா பேசியதும் கிட்டத்தட்ட அதுதான். எனக்கு அரசாங்கத்தின் மேல் ஆயிரம் குறை உண்டு, ஆனால் இதில் சேராமல் நின்றது சரி. அளவு எடுப்பவன் யார் என்று பார்க்காமல் சதவீதத்துக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது.

குடந்தைப்பெண் எழுதியது:

ஐயா சொன்ன எண்களில் எனக்குச் சண்டை இல்லை. முடிவில்தான் சண்டை.

அந்த உறுதிமொழி நெல்லைக் குறை என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. உலகம் சேர்ந்து எட்ட வேண்டிய இலக்கு அது, எந்தத் துறையில் குறைப்பது என்பது அந்தந்த நாட்டின் விருப்பம், குறைக்காவிட்டால் தண்டனையும் கிடையாது. மீத்தேன் எண்ணெய்க் கிணற்றில் கசிகிறது, நிலக்கரிச் சுரங்கத்தில் வருகிறது, பெருங்குடி கொடுங்கையூர் மாதிரிக் குப்பைமேடுகளில் வருகிறது. அங்கெல்லாம் குறைப்பது வயலில் குறைப்பதைவிட மலிவு, யார் வயிற்றிலும் அடிக்காது. நெல்லையும் மாட்டையும் காட்டி அதையெல்லாம் சேர்த்தே மூடிவைத்துவிட்டார்கள் என்பது என் வாதம்.

இந்தியாவின் மொத்த வெளியேற்றத்தில் விவசாயம் சுமார் 14 சதவீதம். அதில் பாதிக்கு மேல் மாடுகளின் வயிற்றிலிருந்து, நெல்லுக்கு ஆறில் ஒரு பங்கு போல. அப்படியென்றால் மொத்தத்தில் நெல் இரண்டு, இரண்டரை சதவீதம். அனல்மின் நிலையங்களோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் மேடையில் யார் பெயர் வருகிறது? சிறு விவசாயி பெயர்.

இன்னொன்று, மீத்தேன் காற்றில் பன்னிரண்டு வருடம் போலத்தான் இருக்கும், கரியமில வாயு மாதிரி நூற்றாண்டுக் கணக்கில் தங்காது. இருக்கும் வரைக்கும் சூடு அதிகம்: இருபது வருடக் கணக்கில் கரியமில வாயுவைப் போல சுமார் எண்பது மடங்கு. அதனால் இதைக் குறைத்தால் பலன் சீக்கிரம் தெரியும். கடல் மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து ஆட்களுக்கு "சீக்கிரம்" என்பது சின்ன விஷயம் இல்லை.

காவிரி_வழக்கு எழுதியது:

இந்தப் பேரம் டெல்டாக்காரனுக்குப் புதிது மாதிரி எல்லோரும் பேசுகிறீர்கள். 1990-ல் காவிரி நடுவர் மன்றம் வந்ததிலிருந்து நாம் பார்த்துக்கொண்டிருப்பது இதேதான்.

முதலில் அடிப்படை ஆண்டு. 1991 இடைக்கால உத்தரவில் 205 டி.எம்.சி. எப்படி வந்தது? 1980-81 தொடங்கிப் பத்து வருடம் மேட்டூருக்கு வந்த தண்ணீரை எடுத்து, அசாதாரண வருடங்களைத் தள்ளிவிட்டுச் சராசரி போட்டார்கள். நாம் கேட்டது 1972 நிலவரம். எந்த வருடத்தை எடுப்பது என்பதிலேயே பாதி வழக்கு முடிந்துவிடும், வக்கீல்களுக்கு இது தெரியும். கியோட்டோவில் 1997-ல் காலநிலை ஒப்பந்தம் போட்டபோது 1990-ஐ அடிப்படையாக வைத்தார்கள். சோவியத் உடைந்து ஆலைகள் மூடியதால் ரஷ்யாவும் உக்ரைனும் எதுவும் செய்யாமலேயே இலக்குக்கு எங்கோ கீழே நின்றன, மிச்சத்தை விற்கவும் வழி இருந்தது. ஐரோப்பா இன்றைக்கும் 1990-ஐ விடுவதில்லை, அவர்களுக்கு அது லாபம். அமெரிக்கா 2005-ஐ எடுத்துக்கொண்டது, அவர்கள் வெளியேற்றம் உச்சத்தை ஒட்டி இருந்த வருடம். நாம் மட்டும் என்ன? நாமும் 2005. அதிலும் மொத்த அளவைக் குறைப்பதாகச் சொல்லவில்லை, உற்பத்தியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் எவ்வளவு புகை என்ற கணக்கில் 2030-க்குள் 45 சதவீதம் குறைப்போம் என்கிறோம். பொருளாதாரம் வளர வளர மொத்தப் புகை கூடிக்கொண்டே போனாலும் இலக்கை எட்டிவிட்டோம் என்று சொல்லலாம்.

அடுத்தது பழைய அனுபோகம். இதில்தான் வேடிக்கை. காவிரியில் நாம் என்ன சொல்கிறோம்? கரிகாலன் காலத்திலிருந்து பாசனம் செய்கிறோம், 1924 ஒப்பந்தம் இருக்கிறது, ஏற்கனவே விளையும் நிலத்தைக் காயப்போடாதே. கர்நாடகம் என்ன சொல்கிறது? நீ முந்திக்கொண்டாய், வெள்ளைக்காரன் உன் பக்கம் இருந்தான், நான் வளர வேண்டிய நேரத்தில் எனக்குத் தண்ணீர் இல்லை என்கிறது. இதை அப்படியே காலநிலை மாநாட்டுக்குக் கொண்டுபோங்கள். 1750-லிருந்து உலகம் விட்ட கரியமில வாயுவில் நான்கில் ஒரு பங்கு அமெரிக்காவுடையது, இந்தியாவுடையது மூன்று நான்கு சதவீதம். "நீ முந்திக்கொண்டு நிரப்பிவிட்டாய், எனக்கு இடம் எங்கே" என்று அங்கே இந்தியா கேட்கிறது. அதாவது மேட்டூரில் நாம் எதிர்க்கும் வாதத்தைத்தான் கிளாஸ்கோவில் நமக்காகப் பேசுகிறார்கள். இரண்டு இடத்திலும் கைதட்டுபவர்கள் ஒரு நிமிடம் யோசிக்கவும்.

கடைசியில் நடுவர். 2007-ல் இறுதித் தீர்ப்பு வந்தது, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நமக்கு வர வேண்டியதை 192-லிருந்து 177.25 டி.எம்.சி. ஆக்கியது. குறைத்ததில் 10 டி.எம்.சி. டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது என்பதற்காக, 4.75 பெங்களூருக்காக. வயிறு எரிகிறது, ஆனாலும் ஒருவர் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். உலகப் பேரத்தில் அந்த நாற்காலியே கிடையாது. ஓட்டெடுப்பு எப்படி நடத்துவது என்ற விதி 1995-ல் பெர்லினில் நடந்த முதல் மாநாட்டிலிருந்து இன்றுவரை நிறைவேற்றப்படவில்லை, எல்லாமே ஒருமனதாகத்தான். 2009 கோபன்ஹேகனில் ஒபாமாவும் சீனா, இந்தியா, பிரேசில், தென்னாப்பிரிக்காவும் ஓர் அறையில் உட்கார்ந்து ஒன்றை எழுதிக்கொண்டு வந்தார்கள், சில நாடுகள் ஒத்துக்கொள்ளவில்லை, உடனே அது முடிவு அல்ல, "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று ஆகிவிட்டது. 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று சொல்லியிருக்கிறது, வனுவாட்டு என்ற குட்டித் தீவுநாடு முன்னின்று கேட்டு வாங்கியது. ஆனால் அது கருத்துரை. காவிரி மேலாண்மை ஆணையம் மாதிரிக் கூட்டம் போட்டு விநாடிக்கு 5,000 கன அடி விடு என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

குறுவை_போச்சு எழுதியது:

வக்கீல் சார், ஆணையம் 5,000 கன அடி விடு என்று சொன்ன 2023-லும் எங்கள் குறுவை காய்ந்ததுதானே. நாற்காலி இருந்தால் மட்டும் தண்ணீர் வந்துவிடாது. பற்றாக்குறை வருடத்தில் எப்படிப் பங்கிடுவது என்பதுதான் எப்போதும் தகராறு, நல்ல மழை வருடத்தில் எல்லோரும் நல்லவர்கள். உலகத்திலும் அப்படித்தானே? காற்றில் மிச்சம் இருக்கும் இடம் குறையக் குறையச் சண்டை கூடும்.

தலைஞாயிறு_வடிகால் எழுதியது:

மேல்மடை கீழ்மடை என்று கர்நாடகத்தை மட்டும் சொல்லாதீர்கள். கல்லணைக்குக் கீழே முதல் மடையில் இருப்பவர்கள்தான் எங்களுக்குக் கர்நாடகம். முறைப்பாசனம் வைத்தால் ராத்திரியில் மடையைத் திறப்பவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொருவனும் தனக்கு மேலே இருப்பவனைத்தான் பார்ப்பான், கீழே திரும்ப மாட்டான். மாலத்தீவுக்காரனைக் கேட்டால் இந்தியாவைச் சொல்வான், வருடாந்திரக் கணக்கில் இந்தியா இன்று மூன்றாவது இடம்.

விஷயத்துக்கு வருகிறேன். வயலில் மீத்தேனைக் குறைக்கும் வழி என்று சொல்வது காய்ச்சலும் பாய்ச்சலும்தான். துளை போட்ட பிவிசி குழாயை வயலில் ஊன்று, தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு பாய்ச்சு, பூக்கும் சமயம் மட்டும் காயவிடாதே. சரி. போர்வெல் வைத்துக் குறுவை போடுபவர் செய்யலாம். ஆற்றுத் தண்ணீரை நம்பும் நாங்கள் எப்படிச் செய்வது? முறை வரும்போது பிடித்து வைக்காவிட்டால் அடுத்த முறை எப்போது என்று யாருக்குத் தெரியும்? வயலுக்கு வயல் பாயும் இடத்தில் என் வயலை மட்டும் காயப்போட முடியாது, கீழ் வயல்காரர் கம்போடு வருவார். சம்பாவில் ஐப்பசி கார்த்திகை மழையில் வடிய வைப்பதே பெரும்பாடு. இதில் உப்பு ஏறிய மண் வேறு, தண்ணீர் நின்றால்தான் உப்பு அமுங்கிக் கிடக்கும்.

ஓய்வுபெற்ற_வேளாண்மை எழுதியது:

தலைஞாயிறு சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். சரியாகச் செய்தால் மீத்தேன் 30 முதல் 50 சதவீதம் வரை குறையும் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன, ராஜராஜன் 1000 என்று ஒற்றை நாற்று நடவைக் கொண்டுபோனபோது நாங்களும் இதே நீர் மேலாண்மையைத்தான் சொன்னோம். எங்கே எடுபட்டது என்றால் தண்ணீர் விவசாயியின் கையில் இருந்த இடத்தில். இன்னொரு சிக்கலும் உண்டு: காயவிட்டுப் பாய்ச்சும்போது யூரியா அதிகம் போட்டிருந்தால் நைட்ரஸ் ஆக்சைடு கூடும், அது மீத்தேனைவிட மோசமான வாயு.

பார்த்தாச்சு எழுதியது:

ரியோ, கியோட்டோ, பாரிஸ், கிளாஸ்கோ, பாக்கு, பெலெம்... ஊர் பெயர்தான் மாறுகிறது. 97-ல் கியோட்டோ பேசும்போதே அமெரிக்க செனட் 95-க்கு 0 என்று "வளரும் நாடுகளுக்கும் கடமை இல்லாத ஒப்பந்தம் வேண்டாம்" என்று தீர்மானம் போட்டது. கனடா 2011-ல் விலகியது. பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து ட்ரம்ப் ஒருமுறை வெளியே, பைடன் உள்ளே, மறுபடி ட்ரம்ப் வெளியே. இதற்கு விமானத்தில் போய் வருகிற புகைதான் மிச்சம். வெட்டிப் பேச்சு.

குடந்தைப்பெண் எழுதியது:

வெட்டி என்று சொல்லிவிட்டால் சுலபம் அண்ணே. பாரிஸுக்கு முன்னால் உலகம் இந்த நூற்றாண்டுக் கடைசியில் 4 டிகிரியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இன்றைக்கு நடைமுறையில் இருக்கும் கொள்கைகளை வைத்துப் பார்த்தால் 3-க்குக் கொஞ்சம் கீழே. பாரிஸில் சொன்ன 1.5 டிகிரி எங்கே, இது எங்கே என்று திட்டலாம், திட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த ஒரு டிகிரி பேச்சுவார்த்தையும் மலிவான சூரியத் தகடும் சேர்ந்து கொடுத்தது.

பேசி முடித்த ஒன்றும் இருக்கிறது. ஓசோனுக்கான மான்ட்ரியல் ஒப்பந்தம், 1987. அங்கே ஏன் நடந்தது? அந்த வாயுவைத் தயாரித்த நிறுவனங்கள் கொஞ்சம், மாற்றுப் பொருள் கைக்கெட்டும் தூரத்தில், ஏழை நாடுகளுக்குக் கூடுதல் அவகாசமும் மாறுவதற்கான செலவுக்குத் தனி நிதியும். காலநிலையில் இந்தக் கடைசி விஷயத்தில்தான் இழுபறி. 2020-க்குள் வருடத்துக்கு 10,000 கோடி டாலர் என்று கோபன்ஹேகனில் சொன்னார்கள், அந்த அளவை முதன்முதலாக எட்டியது 2022-ல். அதிலும் பெரும்பகுதி கடன். 2024-ல் அஜர்பைஜானின் பாக்குவில் நடந்த மாநாட்டில் வளரும் நாடுகள் கேட்டது வருடத்துக்கு 1.3 லட்சம் கோடி டாலர், பணக்கார நாடுகள் முன்னின்று திரட்டுவதாக ஒப்புக்கொண்டது 2035-க்குள் 30,000 கோடி. சுத்தியலைத் தட்டி முடித்த பிறகு இந்தியாவின் சார்பில் சாந்தினி ரெய்னா எழுந்து, இதை ஏற்கவில்லை என்று பேசினார். அந்த இடத்தில் எனக்கும் கைதட்டத் தோன்றியது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சிங்கை_பேராவூரணி எழுதியது:

பணம் என்றதும் கஜா ஞாபகம் வருகிறது. 2018 நவம்பர் 16. முப்பது நாற்பது வருடத் தென்னை ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது, பட்டுக்கோட்டை பேராவூரணிப் பக்கம் நிறையப் பேர் அதற்கப்புறம்தான் வெளிநாட்டுக்குக் கிளம்பினார்கள், நானும் அதில் ஒருவன். ஒரு புயலைக் குறிப்பிட்டு இது வெப்பமயமாதலால்தான் வந்தது என்று சொல்வது கஷ்டம், தெரியும். ஆனால் இழப்பு மற்றும் சேத நிதி என்று 2022-ல் எகிப்தில் ஒப்புக்கொண்டு 2023-ல் துபாயில் தொடங்கினார்களே, அதில் நமக்கு வழி உண்டா?

காவிரி_வழக்கு எழுதியது:

எதிர்பார்த்து உட்கார வேண்டாம் தம்பி. தொடக்கத்தில் வந்த வாக்குறுதி மொத்தமே 70 கோடி டாலர் போல. 2022 பாகிஸ்தான் வெள்ளத்தில் மட்டும் சேதமும் இழப்பும் சேர்த்து 3,000 கோடி டாலர். இந்த விஷயத்தைப் பாரிஸில் ஏற்றபோதே, இதை வைத்து யாரும் நஷ்டஈடு கேட்க முடியாது என்று மாநாட்டு முடிவில் ஒரு பத்தி எழுதி வாங்கிக்கொண்டார்கள் பணக்கார நாடுகள். கஜாவுக்குத் தமிழக அரசு டெல்லியிடம் கேட்டது சுமார் 15,000 கோடி ரூபாய், தேசியப் பேரிடர் நிதியிலிருந்து ஒதுக்கியது 1,146 கோடி. உள்ளூரிலேயே இந்த லட்சணம்.

நடவு_கணக்கு எழுதியது:

டெல்லி என்றதும் சொல்கிறேன். கிளாஸ்கோவில் "சிறு விவசாயி" என்று உருகிய அதே டெல்லிதான் 2023 மார்ச் கடைசியில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என்று நிலக்கரி ஏலப் பட்டியலில் சேர்த்தது. 2020-லேயே டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்த சட்டம் இருக்கிறது. போராட்டம் கிளம்பிய பிறகு எடுத்தார்கள். நம்மைக் காட்டி மீத்தேனிலிருந்து ஒதுங்கு, அப்புறம் நம் வயலுக்குக் கீழே நிலக்கரி தோண்டு. குடந்தைத் தங்கச்சி சொல்வதுதான் சரி.

ஓய்வுபெற்ற_வேளாண்மை எழுதியது:

இரண்டும் வேறு வேறு என்பேன். நிலக்கரிக்காக டெல்லியைத் திட்டுங்கள், நானும் வருகிறேன். அதற்காக நெல்லை மேசைமேல் வைக்க வேண்டும் என்று ஆகாது. ஒருமுறை வைத்துவிட்டால் எடுக்க முடியாது, அடுத்தது அரிசி ஏற்றுமதிக்கு எவ்வளவு மீத்தேன் என்று எல்லையில் கேட்பான். ஐரோப்பா ஏற்கனவே எஃகு, சிமென்ட், உரத்துக்கு எல்லையில் கார்பன் கட்டணம் கொண்டுவந்துவிட்டது. அதில் அரிசி இல்லை, இன்றைக்கு இல்லை.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

நான் இழையை ஆரம்பித்த காரணத்தை இப்போது சொல்கிறேன். நெல்லை மேசையில் வைப்பதா வேண்டாமா என்று நாம் பேசிக்கொண்டிருக்க, பின்வாசல் வழியாக அது ஏற்கனவே மேசைக்குப் போய்விட்டது. எங்கள் பக்கம் ஒரு கார்பன் கம்பெனி வந்திருக்கிறது, பெயர் வேண்டாம். காய்ச்சலும் பாய்ச்சலும் செய், குறைந்த மீத்தேனை நாங்கள் அளந்து வெளிநாட்டில் விற்கிறோம், உனக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்கிறார்கள். நாடுகள் இப்படி வாங்கி விற்கும் விதிகளை பாக்குவில்தான் முடித்தார்கள். அதாவது அரசாங்கம் உறுதிமொழியில் சேராவிட்டாலும், என் வயலின் குறைப்பை ஏதோ ஒரு விமான கம்பெனி வாங்கித் தன் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

குடந்தைப்பெண் எழுதியது:

கவனமாக இருங்கள் அண்ணே. சீனாவில் இதே மாதிரி நெல் வயல் திட்டங்கள் 37-ஐ வெர்ரா என்ற பதிவு அமைப்பு 2024-ல் நிராகரித்தது, கணக்குச் சரியில்லை என்று. நான் இந்தத் திட்டங்களுக்கு எதிரி இல்லை, தண்ணீர் மிச்சமானால் நல்லதுதான். ஆனால் ஐயா சொன்ன 1991 கதை இங்கேயும் பொருந்தும்: உங்கள் வயலில் நிஜமாகப் பெட்டி வைத்து அளக்கிறார்களா, இல்லை எங்கோ எடுத்த சராசரியை ஏக்கரால் பெருக்குகிறார்களா என்று கேளுங்கள்.

தலைஞாயிறு_வடிகால் எழுதியது:

யாருக்குப் பணம் என்றும் கேளுங்கள். எங்கள் பக்கம் நிறைய நிலம் கோயில் நிலம், மடத்து நிலம். சிட்டாவில் சாமி பெயர் இருக்கும், சேற்றில் நிற்பவர் குத்தகைதாரர். குழாய் ஊன்றி ராத்திரி எழுந்து போய்ப் பார்ப்பவருக்குப் பணமா, பட்டாதாரருக்கா?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

அதைக் கேட்டேன். "மேலிடத்தில் பேசிச் சொல்கிறோம்" என்றார்கள். பத்து வருட ஒப்பந்தம், இடையில் விலகினால் குழாய்ச் செலவையும் பயிற்சிச் செலவையும் விவசாயி திருப்பித் தர வேண்டும் என்று ஒரு ஷரத்து இருக்கிறது. தண்ணீர் வராத வருடத்தில் வயல் தரிசாகக் கிடந்தால் அது குறைப்பா, விலகலா என்று எங்கேயும் எழுதவில்லை.

காவிரி_வழக்கு எழுதியது:

ஆட்கள் பெயரையும் கம்பெனி பெயரையும் மறைத்துவிட்டு அந்த ஒப்பந்தத்தைப் படம் எடுத்து எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். விலகல் ஷரத்தையும், தகராறு வந்தால் எந்த ஊர் நீதிமன்றம் என்ற இடத்தையும் முதலில் பார்க்க வேண்டும். அதுவரை யாரும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று உங்கள் சங்கத்தில் சொல்லிவையுங்கள்.